முனையைப் பாக்காதீங்க, வாலைப் பாருங்க: டிடெக்டர்ல சிக்கின பழைய அம்பு முனையை அடையாளம் காண்றது எப்படி

மெட்டல் டிடெக்டர் வெச்சிருக்கிற யார் வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும், வயல்ல தோண்டி எடுத்த துருப்பிடிச்ச ஆணி, லாடத்துண்டு, டிராக்டர்ல இருந்து கழண்டு விழுந்த நட்டு போல்டு எல்லாம் அதுக்குள்ள போகும், நிறைஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுடுவோம். என் டப்பாவுல எட்டு மாசமா கிடந்த ஒரு "வளைஞ்ச ஆணி" நெஜமாவே அம்பு முனைதான்னு எங்க க்ளப்ல இருக்கிற ஒரு பெரியவர் டப்பாவைக் கிளறிட்டுச் சொன்னப்போ எனக்கு வெக்கமா போச்சு. அவர் அதோட கூர் பக்கத்தைப் பாக்கவே இல்ல. திருப்பிப் பிடிச்சு, பின்பக்கம் அடைஞ்சிருந்த மண்ணை வெளிச்சத்துல காட்டி, ஆணிக்கு எதுக்குக் குழாய்னு கேட்டார், அவ்ளோதான்.

அன்னைக்கு இருந்து நான் இரும்பை எப்பவும் பின்பக்கமா இருந்துதான் பாக்குறேன். புதுசா வர்றவங்க எல்லாரும் "கூரா இருக்கு, அம்பு மாதிரி இருக்கு"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, கூரா இருக்கிறது உலகத்துல ஆயிரம் இருக்கு. அம்பு முனையை அம்பு முனைன்னு சொல்றது அது மரத்தண்டுல எப்படி மாட்டப்பட்டுச்சுங்கிறதுதான், காலத்தைச் சொல்றதும் முக்கால்வாசி அதேதான்.

நான் இருக்கிறது இங்கிலாந்து, அதனால இதுல சொல்றது எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் வயல்கள்ல கிடைக்கிற முனைகளைப் பத்தி. ஊர்ல இருந்து இதைப் படிக்கிறவங்க தயவுசெஞ்சு டிடெக்டர் வாங்கிட்டு ஆத்தங்கரைக்குக் கெளம்பிடாதீங்க, அங்க 1878-லயே போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல இருந்து 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் எடுத்தாலே கலெக்டருக்குச் சொல்லியாகணும், தொல்பொருளுக்கு 1972 சட்டம் தனியா இருக்கு. ஆதிச்சநல்லூர்ல தாழியோட கூட இரும்பு ஆயுதங்களும் கிடைச்ச மண்ணு அது, அதையெல்லாம் தொல்லியல்காரங்க கையில விட்டுடுங்க.

முதல்ல ஒரு சின்ன விஷயம், நீங்க டிடெக்டரை எப்படி வெச்சிருக்கீங்கங்கிறது. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் இரும்பு சத்தமே கேக்கக்கூடாதுன்னு டிஸ்கிரிமினேஷனை ஏத்தி வெச்சுட்டு வெள்ளிக் காசுக்காக நடக்கிறோம், அம்பு முனை இரும்பு, அதனால அது நம்ம காலுக்குக் கீழயே இருந்தாலும் மிஷின் வாயைத் திறக்காது. வட இங்கிலாந்துல இருக்கிற டவுட்டன் போர்க்களத்துல, 1461 மார்ச் 29-ம் தேதி குருத்தோலை ஞாயிறு அன்னைக்குப் பனி கொட்ட கொட்ட நடந்த சண்டை அது, அங்க சர்வே பண்ணவங்க இரும்பை ஒதுக்காம எல்லாத்தையும் தோண்டினதாலதான் அவ்ளோ அம்பு முனைகள் வெளிய வந்துச்சு. அதுக்காக நாள் முழுக்க எல்லா இரும்பையும் தோண்டச் சொல்லல, முதுகு போயிடும். பழைய வில்வித்தைத் திடல், காட்டு ஓரம், பழைய மான் பூங்கா இருந்த இடம் இந்த மாதிரி இடத்துல மட்டும் ஒரு மணி நேரம் ஆல் மெட்டல் மோட்ல போய்ப் பாருங்க.

சிக்னல் வந்து தோண்டினீங்கன்னா கையில வர்றது அம்பு மாதிரியே இருக்காது, ஆரஞ்சு கலர்ல ஒரு கேரட் துண்டு மாதிரி இருக்கும், மேல மண்ணும் கூழாங்கல்லும் துருவோட சேந்து இறுகிப்போய் ஒட்டியிருக்கும். இங்கதான் முதல் தப்பு நடக்குது. ஷூ மேல ஒரு தட்டு தட்டுவோம், நகத்தால சுரண்டுவோம், பின்பக்க ஓட்டையில இருக்கிற மண்ணைக் குச்சி விட்டு நோண்டி எடுப்போம். நோண்டவே நோண்டாதீங்க. அந்தக் குழாய்க்குள்ள சில சமயம் அம்புத்தண்டோட மரம் துருவுல ஊறி கல்லு மாதிரி மாறிப்போய் அப்படியே இருக்கும், பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா மரத்தோட நார் வரி வரியாத் தெரியும், அது என்ன மரம்னு சொல்ல முடியும், நெஜமான மரம் கொஞ்சமாவது மிச்சமிருந்தா கார்பன் டேட்டிங் பண்ணக்கூட வாய்ப்பு இருக்கு. இரும்பு முனை ஒண்ணுக்கு உருவத்தை வெச்சு இல்லாம நேரடியா வயசு சொல்ற வாய்ப்பு கிட்டத்தட்ட அது ஒண்ணுதான், அதைப் போய் பல்குத்தி குச்சியால நோண்டி வயல்லயே ஊதித் தள்ளிட்டு வர்றவங்களை நான் பாத்திருக்கேன், நானும் பண்ணியிருக்கேன்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. காந்தம், வெர்னியர் காலிப்பர், கிச்சன் தராசு, பத்து மடங்கு லென்ஸ், இது போதும். வெர்னியர்னதும் டிப்ளமோ லேப் ஞாபகம் வந்து ஓடாதீங்க, இப்போ டிஜிட்டல்ல நம்பராவே காட்டுது.

காந்தத்தை முதல்ல வெச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு, மேல படிங்க. ஒட்டாம பச்சை கலர் பூத்திருந்தா செம்புக் கலவை, அப்போ பெரும்பாலும் ஏமாத்தம்தான். ஏன்னா பிரிட்டன்ல வெண்கலக் காலத்துலயும் அம்புக்கு முனை சிக்கிமுக்கிக் கல்லுலதான் செஞ்சாங்க, வெண்கலத்தை அம்புல வெச்சு எய்து தொலைக்கிற அளவுக்கு யாருக்கும் மனசு வரல போல, அதனால இங்க வெண்கல அம்பு முனைங்கிறது ரொம்பவே அபூர்வம். பச்சையா கூரா ஒண்ணு கிடைச்சா அது கத்தி உறையோட அடிமுனைல மாட்டுற வி வடிவ மூடியா இருக்கும், இல்ல பெல்ட் நுனியா இருக்கும். குழாய் அகலமா இருந்து அதோட ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டி வளையம் இருந்துச்சுன்னா அது அம்பு இல்ல, வெண்கலக் காலத்துச் சின்ன ஈட்டி முனை, உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு அதே குழியைச் சுத்தி பொறுமையாப் பாருங்க, ஏன்னா வரலாற்றுக்கு முந்தின காலத்துச் சாமான் ரெண்டு ஒரே இடத்துல சேந்து கிடைச்சா அது சட்டப்படி புதையல், வெறும் செம்பா இருந்தாலும் சரி.

பச்சையிலயே இன்னொண்ணு இருக்கு, மூணு இறக்கை வெச்ச குட்டி வெண்கல முனை, மூணு சென்டிமீட்டர்தான் இருக்கும், பின்னாடி குழாய், சிலதுல பக்கவாட்டுல ஒரு முள்ளு. பாக்க அவ்ளோ அழகா இருக்கும். இது குதிரை மேல திரிஞ்ச சிதியர்கள், அப்புறம் பாரசீகர்கள் பயன்படுத்தினது, கிமு 7-ம் நூற்றாண்டுல இருந்து சில நூறு வருஷம் ஓடின டிசைன். கிரீஸ்ல தெர்மோபைலேல 1939-ல தொல்லியல்காரர் மரினாட்டோஸ் தோண்டினப்போ அந்தக் கடைசிக் குன்றுல குவியலா கிடைச்சதும் இந்தக் குடும்பம்தான், கிமு 480-ல பாரசீகப் படை ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸோட ஆளுங்க மேல மழையாப் பொழிஞ்சது. அப்போ அது இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கத்து வயலுக்கு எப்படி வந்துச்சு? யாரோ டூர் போனப்போ வாங்கிட்டு வந்து தொலைச்சது, இல்ல பழைய கலெக்‌ஷன் ஒண்ணு குப்பையோட வயலுக்குப் போனது. ஆன்லைன்ல இதெல்லாம் கிலோ கணக்குல விக்கிறாங்க, அதுல பாதி போன வாரம் வார்த்தது. "பிரிட்டிஷ் வயல்ல கிடைச்சது"ன்னு ஒருத்தர் வித்ததை ஆசைப்பட்டு நான் 15 பவுண்டுக்கு வாங்கி, அச்சுல வார்த்த கோடுகூட சரியா ராவாம பளிச்சுன்னு இருந்ததைக் கையில வாங்கினப்புறம்தான் கவனிச்சேன். சரி விடுங்க.

இப்போ இரும்பு. திருப்பிப் பிடிங்க, பின்பக்கம்.

பின்பக்கத்துல ரெண்டு வகைதான். ஒண்ணு வால், அரிவாளோட இரும்பு மரப்பிடிக்குள்ள மெல்லிசா சொருகிப் போகும்ல, அதே மாதிரி. அம்புத்தண்டு நுனியைப் பொளந்து அதுக்குள்ள வாலைச் செருகி, மேல நூல் சுத்தி இறுக்கிடுவாங்க. இன்னொண்ணு குழாய், பேனா மூடி மாதிரி, தண்டோட நுனியைச் சீவி அதுக்குள்ள திணிப்பாங்க. குழாயை எப்படிச் செஞ்சாங்கன்னா இரும்பைத் தகடா விசிறி மாதிரி அடிச்சு, பீடா மடிக்கிற மாதிரி சுருட்டி ஓரத்தை ஒட்ட வெப்பாங்க, அதனால லென்ஸ்ல பாத்தா நீளவாக்குல ஒரு தையல் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு, ஆணிலயோ வேலிக் கம்பிலயோ அது வராது.

பிரிட்டன்ல வால் வெச்ச இரும்பு முனை கிடைச்சா உடனே ரெண்டு காலத்தை யோசிங்க, ரோமர் இல்லன்னா ஆங்கிலோ சாக்சன், வைக்கிங் காலம். 1066-ல நார்மன்கள் வந்ததுக்கப்புறம் இங்க குழாய்தான் ராஜா, வால் அங்கங்க இருக்கும் ஆனா கொஞ்சம்தான். வால் இருந்து, முனை மூணு இறக்கையா இருந்தா, அதாவது நேரா முன்னாடி இருந்து பாத்தா மெர்சிடீஸ் ஸ்டார் மாதிரி இருந்தா, ரோமர். ரோமர் படையில வில்லாளிங்க பெரும்பாலும் கிழக்கத்திய ஆளுங்க, சிரியால ஹமா ஊர்ல இருந்து வந்த ஒரு வில் படை ரோமரோட வடக்கு எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர்ல கார்வோரன் கோட்டைல இருந்துச்சு, அந்தக் குளிர்ல என்ன பாடு பட்டாங்களோ, நானே ஜனவரில பஸ் ஸ்டாப்ல நிக்க முடியல. அவங்க கொண்டு வந்த ஸ்டைல்தான் இந்த மூணு இறக்கை. துருப்பிடிச்சா ஒரு இறக்கை உடைஞ்சு போய் ரெண்டு இறக்கை மாதிரி ஏமாத்தும், அதனால ஒரு பக்கம் தட்டையாவும் இன்னொரு பக்கம் மேடாவும் இருந்தா அந்த மேட்டுல உடைஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க.

வால் இருந்து, தட்டையா இலை மாதிரி இருந்தா ஆங்கிலோ சாக்சன் இல்ல வைக்கிங் பக்கம் போகலாம். ஆனா இதுல நான் கொஞ்சம் உஷாரா இருப்பேன், ஏன்னா ஒடைஞ்ச சின்னக் கத்தியும் துருப்பிடிச்சா இலை மாதிரியேதான் இருக்கும், வாலும் இருக்கும். வித்தியாசம், கத்திக்கு ஒரு பக்கம்தான் வெட்டு, எதிர்ப்பக்கம் தடியா முதுகு இருக்கும். அம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி.

குழாய் இருந்தா காலிப்பரை எடுங்க. குழாயோட வாய் எவ்ளோ அகலம்னு அளங்க, துரு வீங்கியிருக்கும் அதனால கொஞ்சம் கழிச்சுக்கோங்க. உள்விட்டம் சுமாரா 8ல இருந்து 11 மில்லிமீட்டர் இருந்தா அம்பு. 12, 13, 14ன்னு போச்சுன்னா கிராஸ்போ போல்ட்டா இருக்கலாம், அதாவது விசையை இழுத்து விடுற குறுக்கு வில்லோட அம்பு, அதோட தண்டு குட்டை, தடிமன், முனையும் கட்டையா வெயிட்டா இருக்கும். 15 தாண்டிடுச்சுன்னா எறியீட்டி, ஈட்டி, இல்லன்னா விவசாயச் சாமானோட பூண்னு யோசிங்க. இந்த ஒரு அளவு மட்டும் எடுத்தாலே "எனக்கு அம்பு முனை கிடைச்சிருக்கு"ன்னு வர்ற போட்டோக்கள்ல பாதி கழிஞ்சிடும். வெயிட்டும் போடுங்க, ஒரு சாதாரண அம்பு முனை ஒரு தீப்பெட்டி ரெண்டு தீப்பெட்டி கனம்தான் இருக்கும், கையில வெச்சதும் "என்னடா இவ்ளோ வெயிட்டு"ன்னு தோணுச்சுன்னா வில்லுல எய்யறது இல்ல அது.

அப்புறம்தான் முனைக்கே வர்றோம். அதுலயும் அவுட்லைனைப் பாக்குறதுக்கு முன்னாடி குறுக்கு வெட்டைப் பாருங்க, அதாவது வாழைத்தண்டு மாதிரி குறுக்கால அறுத்தா என்ன வடிவம் வரும்னு.

சதுரமா வந்தா பாட்கின் குடும்பம். பாட்கின்னா என்னன்னு மண்டையை உடைச்சுக்க வேணாம், நம்ம கோணி ஊசிதான், அரிசி மூட்டை தைக்கிறது. நீளமா, மெல்லிசா, நாலு பட்டையா, பின்னாடி சின்னக் குழாயோட இருக்கிற நீள பாட்கின்தான் ஆணியோட அதிகமா குழம்புறது, என் பெயின்ட் டப்பால கிடந்ததும் அதுதான். 1940-ல லண்டன் மியூசியம் போட்ட மத்தியகால கேட்டலாக்ல இதுக்கு டைப் 7-னு நம்பர், வில்லுக்காரங்க இன்னமும் அந்த நம்பரைத்தான் சொல்வாங்க. சுமாரா 11-ல இருந்து 14-ம் நூற்றாண்டு வரைக்கும் வைக்கலாம், சங்கிலிக் கவசம் போட்ட காலம், வளையத்துக்குள்ள பூந்து பொளந்துட்டுப் போறதுக்குத் தோதான உருவம். குட்டையா, தடியா, நுனி பென்சில் சீவின மாதிரி இருந்தா அது பின்னாடி வந்தது, தகட்டுக் கவசம் வந்த 14, 15-ம் நூற்றாண்டுப் பக்கம்.

பாட்கின் கவசத்தைத் துளைக்க உருக்குல செஞ்சதுன்னு எல்லா டாக்குமென்டரிலயும் சொல்வாங்க, ராயல் ஆர்மரீஸ்ங்கிற இங்கிலாந்து ஆயுத மியூசியத்துல லேப்ல வெச்சுப் பாத்தப்போ அவங்க பாத்த நீள பாட்கின்கள் எல்லாம் சாதா இரும்பாத்தான் இருந்துச்சு. உருக்கு இருந்தது வேற ஒரு டைப்ல, அதைத்தான் அடுத்துச் சொல்லப்போறேன், எனக்கு எல்லாத்துலயும் ரொம்பப் பிடிச்சதும் அதுதான்.

அதே கேட்டலாக்ல டைப் 16. கட்டைவிரல் அளவுக்குச் சின்ன முனை, நடுவுல தண்டு மேடா இருக்கும், ரெண்டு பக்கமும் குட்டி இறக்கை குழாயோட ஒட்டிப் பின்னாடி மடிஞ்ச மாதிரி, பாய்ஞ்சு வர்ற பருந்து இறக்கையைச் சுருக்கிக்குமே அந்த மாதிரி. 14-ம் நூற்றாண்டு பிற்பகுதில இருந்து 15-ம் நூற்றாண்டு முழுக்க, கொஞ்சம் 16-லயும். 1996-ல ஆலிவர் ஜெசப்னு ஒரு தொல்லியல்காரர் அம்பு முனைகளைப் புதுசா வகைப்படுத்தினப்போ போருக்கான முனைக்கு எம், வேட்டைக்கு ஹெச், ரெண்டுக்கும் பொதுவானதுக்கு எம்பின்னு எழுத்து கொடுத்தார், அதுல இதுக்கு எம்4-ன்னு பேர். இதோட இறக்கைகளைத் தனியா செஞ்சு செம்புக் கலவையை உருக்கி ஒட்ட வெச்சிருப்பாங்க, வெட்டுற ஓரத்துல உருக்கு வெச்சிருப்பாங்க. அதனால லென்ஸ் வெச்சு இறக்கையும் குழாயும் சேர்ற மூலையைப் பாத்தீங்கன்னா துருவுக்கு நடுவுல பொட்டு பொட்டா மஞ்சளாவோ பச்சையாவோ மின்னும். முதல் தடவ அதைப் பாத்தப்போ ஏதோ பெயின்ட்னு நெனச்சு நகத்தால தேய்ச்சேன், போகல, அதுக்கப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. எக்ஸ்ரே எடுத்தா அந்த ஒட்டு வெள்ளையா பளிச்சுன்னு தெரியும்.

இதுக்குச் சட்டமே போட்டிருக்காங்க. 1406-ல நாலாம் ஹென்றி காலத்துல, கொல்லனுங்க மட்டமான முனையைச் செஞ்சு விக்கிறாங்கன்னு புகார் வந்து, இனிமே அம்பு முனையை ஒழுங்கா ஒட்டி நுனில உருக்கு வெச்சுக் கெட்டிப்படுத்தணும், செஞ்சவன் தன்னோட முத்திரையை அதுல போடணும், இல்லன்னா முனையைப் பறிமுதல் பண்ணி ஆளுக்கு அபராதம்னு. அப்போ குழாய்ல சின்னதா ஒரு குத்து, ஒரு குறி தெரிஞ்சா அது சும்மா அடிபட்டதுன்னு விட்டுடாதீங்க, போட்டோவை சைடு வெளிச்சத்துல எடுத்து வைங்க. எங்க காலத்து ஐஎஸ்ஐ முத்திரை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

குறுக்கு வெட்டு தட்டையா இருந்து, பெரிய இறக்கை, அதோட நுனி ரெண்டும் மீன் வால் மாதிரி நீளமா பின்னாடி போய், தூண்டில் முள்ளு மாதிரி போனா திரும்ப வராத டிசைன்ல இருந்தா ஸ்வாலோடெய்ல், 13-ல இருந்து 15-ம் நூற்றாண்டு, வேட்டைக்கு. குதிரை மேலயும் விட்டிருக்காங்க. இதுல சோகம் என்னன்னா அந்த நீளமான முள்ளுதான் மொதல்ல துருப்பிடிச்சு உதிரும், கையில வர்றது முள்ளு ரெண்டும் போன ஒரு முக்கோணம்தான், அதை இலை வடிவம்னு தப்பா எழுதி முந்நூறு வருஷம் முன்னாடி கொண்டுபோய் வெச்சுடுவோம். ஓரத்தை லென்ஸ்ல பாருங்க, ஓரம் மெலிஞ்சு தானா முடிஞ்சிருக்கா இல்ல திடீர்னு தடியா உடைஞ்சு நிக்குதான்னு.

சதுரமா இருக்கு ஆனா பிரமிட் மாதிரி முனை, பின்னாடி குழாய் நல்ல நீளம், மொத்தமா வெயிட்டு, இப்படி ஒண்ணு கிடைச்சா மத்தியகாலம்னு எழுதிடாதீங்க, ரோமரோட எறியந்திரத்துல வெச்சு விட்ட போல்ட்டா இருக்கலாம். டார்செட்ல மெய்டன் கேசில்ங்கிற பழைய மலைக்கோட்டைல 1930-கள்ல தொல்லியல்காரர் வீலர் தோண்டினப்போ முதுகெலும்புல இரும்பு முனை செருகின எலும்புக்கூடு ஒண்ணு கிடைச்சுது பாருங்க, அதை அந்த ரகம்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, ஈட்டியா இருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு. பக்கத்துல ரோமர் காசு, பானை ஓடு வருதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கூடக் கிடைக்கிறதைப் பாக்கச் சொல்றேனே தவிர அதையும் முழுசா நம்ப முடியாது. உழுத வயல்ல எல்லாக் காலமும் ஒண்ணா கலந்து கிடக்கும், ரெண்டாயிரம் வருஷ சாமானும் போன வருஷ கோக் கேன் மூடியும் ஒரே குழியில வரும். அதைவிட இடத்தோட பேரு நல்லா உதவும். 1363-ல மூணாம் எட்வர்டு, ஆம்பளைங்க எல்லாம் விடுமுறை நாள்ல பந்து ஆடுறதை விட்டுட்டு வில் பழகணும்னு உத்தரவு போட்டார், அதனால ஊருக்கு ஊர் பயிற்சித் திடல் இருந்துச்சு, குறி வைக்கிற மண்மேட்டுக்கு பட்ஸ்னு பேர். இன்னைக்கும் பட்ஸ் லேன், பட்ஸ் க்ளோஸ்னு பேர் இருக்கிற வயல், தெரு இருக்கும். எல்லாம் வில்லால வந்த பேர் இல்ல, உழவுல மிஞ்சின துண்டு நிலத்துக்கும் பட்ஸ்னு சொல்வாங்க, அதனால பழைய மேப்ல சர்ச்சுக்குப் பக்கத்துல தட்டையான நிலமா இருக்கான்னு பாத்துக்கோங்க. அங்க கிடைக்கிற முனை எளிமையா, முள்ளு இல்லாம, சும்மா கூம்பு மாதிரி இருக்கும், மண்மேட்டுல இருந்து பிடுங்கணும்ல. இந்தப் பக்கக் கடைசித் தேதியா 1595-ஐ வெச்சுக்கலாம், அந்த வருஷம்தான் ராணியோட ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் ஊர்ப்படைல வில்லை எடுத்துட்டுத் துப்பாக்கி கொடுக்கச் சொல்லுச்சு.

மேரி ரோஸ் கப்பல் தெரிஞ்சிருக்கும், 1545-ல மூழ்கினது, அதுல இருந்து 3500-க்கும் மேல அம்பு எடுத்தாங்க, பெரும்பாலும் பாப்லர் மரம், மரம் அப்படியே இருந்துச்சு, இரும்பு முனை மட்டும் உப்புத்தண்ணில கரைஞ்சே போச்சு. நம்ம வயல்ல அதுக்கு நேர் எதிர், மரம் போயிடும், முனை மட்டும் நிக்கும். அந்தக் கப்பல் அம்போட தலையும் இந்த வயல் அம்போட உடம்பும் காணோம், ரெண்டையும் மனசுலதான் ஒட்ட வெச்சுப் பாக்கணும்.

போலிக்கும் குழப்பத்துக்கும் வருவோம், இதை வேகமா சொல்லிடறேன். பின்னாடி திருகு மரை இருந்தா இன்னைக்கு விளையாட்டு வில் முனை, பேச்சே இல்ல. துப்பாக்கிக் குண்டு மாதிரி மொண்ணையா, வழவழன்னு, உருளையா இருந்தா விக்டோரியா காலத்துல இருந்து தோட்டத்துல வில் விட்டவங்களோடது. வேலி கேட்டுக்கு மேல இருக்கிற ஈட்டி அலங்காரம் வார்ப்பிரும்பு, உடைஞ்ச இடம் சாம்பல் கலர்ல பொடிப் பொடியா மணல் மாதிரி தெரியும், அடிச்ச இரும்பு நார் நாரா பிரியும், கரும்பு சக்கை மாதிரி. பரம்புப் பல்லு, கைத்தடிப் பூண், கல் தச்சரோட உளி இதெல்லாம் குழாய் அளவுலயே மாட்டிக்கும். கஷ்டமானது என்னன்னா போர்க்களத்துப் பக்கம் வேஷம் கட்டிச் சண்டை நடிக்கிற குழுக்கள் விட்ட அம்பு, ஏன்னா அது கொல்லன் அடிச்ச அசல் உருவம், தையல் கோடுகூட இருக்கும். துருதான் காட்டிக் கொடுக்கும், 20 வருஷத் துரு மெல்லிசா செங்கல் பொடி மாதிரி மேல இருக்கும், அடில இரும்பு உறுதியா இருக்கும், அறுநூறு வருஷத்துதுல இரும்பே பாதி துருவா மாறி அடுக்கடுக்கா உரியும். இன்னொண்ணு, அமெரிக்க படங்களோட ஒப்பிடாதீங்க, அங்க பீப்பா வளையத்தையும் தகரத்தையும் வெட்டி அங்கத்திய பழங்குடி மக்கள் செஞ்ச, வாங்கின முக்கோண முனைங்க வேற கதை, இங்க அதைத் தேடினா கிடைக்கிறது சார்டின் டப்பா மூடிதான்.

சுத்தம் பண்றதைப் பத்தி ஒரே வார்த்தை, பண்ணாதீங்க. வினிகர், எலக்ட்ராலிசிஸ், வயர் பிரஷ் எதுவும் வேணாம், முத்திரையும் மஞ்சள் ஒட்டும் உருவமும் துருவுக்குள்ளதான் இருக்கு, துருவை எடுத்தா அதுவும் போகும். நிழல்ல மெதுவா காய வெச்சு, சிலிக்கா ஜெல் பை போட்டு மூடி டைட்டா இருக்கிற பிளாஸ்டிக் டப்பால வைங்க. மேல ஆரஞ்சு கலர்ல வேர்வை மாதிரி சொட்டு சொட்டா நின்னுச்சுன்னா உள்ள உப்பு இருக்கு, ஜெல்லை மாத்துங்க, அப்படியே விட்டா சில மாசத்துல பாளம் பாளமா வெடிச்சுடும்.

சட்டம். நிலத்துக்காரர் அனுமதி எழுத்துல வாங்கிடுங்க, பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்ச இடத்துல செக்‌ஷன் 42 லைசென்ஸ் இல்லாம டிடெக்டரை ஆன் பண்ணவே கூடாது, 1979 சட்டம். தனியா கிடைச்ச இரும்பு அம்பு முனை சாதாரணமா புதையல் கணக்குல வராது, ஆனா 2023 ஜூலைல இருந்து 200 வருஷத்துக்கு மேல பழசான, அசாதாரண முக்கியத்துவம் உள்ள எந்த உலோகச் சாமானும் வரலாம்னு மாத்திட்டாங்க, அப்படித் தோணுச்சுன்னா 14 நாளைக்குள்ள சொல்லணும். ஸ்காட்லாந்து தனி, அங்க கிடைக்கிற பழம்பொருள் எல்லாத்தையும் அரசுக்குத் தெரிவிச்சாகணும்.

புதையல் இல்லன்னாலும் உங்க கவுன்டில (மாவட்டம் மாதிரி) கண்டெடுத்த பழம்பொருளைப் பதிவு பண்ற ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசர்கிட்ட காட்டுங்க, 1997-ல இருந்து நடக்கிற போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்ல பதிவு பண்ணுவாங்க, காசு கிடையாது, சாமானைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. போறதுக்கு முன்னாடி அவங்க டேட்டாபேஸ்ல நீங்களே ஏரோஹெட்னு போட்டு உங்க கவுன்டில வந்ததைப் பாருங்க, அளவு, வெயிட், போட்டோ எல்லாம் இருக்கும், பத்து பாத்தா கண்ணு பழகிடும்.

பையில ஒரு சீட்டு எழுதிப் போடுங்க. என்னோடதுல இப்படி இருக்கு: தேதி, பத்து இலக்க கிரிட் எண் (மேப்ல இடத்தைக் காட்டுறது), உழுத வயல், ஆழம் ஒரு சாண், நீளம் 92 மிமீ, குழாய் வெளிய 11, உள்ள 9, வெயிட் 14 கிராம், குறுக்கு வெட்டு சதுரம், தையல் கோடு இருக்கு, குழாய்க்குள்ள மண் எடுக்கல. அந்தப் பெயின்ட் டப்பா ஆணிக்கு மட்டும் தேதியும் கிரிட் எண்ணும் எழுதுற இடம் காலியா இருக்கு, எந்த வயல்ல எடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.